எல்லைக்கல் எழுந்தருளிய கோடை

என்னோடு முதுமையடைந்த நண்பர்களே, இப்போது நாம் குழாயைத் திருகுகிறோம், நீர் வருகிறது, நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆயினும் நம் வயதினர் சிலர் குழாயை மூடியபின் அதன் வாயில் ஒரு விரலை வைத்து, சொட்டு நின்றுவிட்டதா என்று பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த விரல் எதை நினைத்துக்கொள்கிறது என்பது நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே இதை உங்களுக்கென்றே எழுதுகிறேன்.

நம் தீவின் ஜார்ஜ் டவுன் நகரம் எங்கே முடிகிறது என்று இன்று எவரும் கேட்பதில்லை. வீடுகள் வீடுகளைத் தொட்டுக்கொண்டே மலையடிவாரம்வரை சென்றுவிட்டன. என் சிறுவயதில் அந்த முடிவைக் காலால் மிதித்து அறியலாம். ஆயர் ஈத்தாம் செல்லும் பெருஞ்சாலையில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடும். அதிலிருந்து பிரிந்து ஓர் ஆற்றுப்பாலத்தை நோக்கிச் செல்லும் கிளைச்சாலையில் எங்கள் குடியிருப்பு இருந்தது. அச்சாலையின் முற்பகுதி நகராண்மைக் கழகத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே கருங்கற்சல்லி பரப்பி இறுக்கிய தரை, கல் பாவிய வடிகால், மாலையில் எரியும் விளக்குக் கம்பங்கள், வார்ப்பிரும்பாலான பொதுக்குழாய் எல்லாம் இருந்தன. ஓரிடத்தில் இவை அனைத்தும் ஒருங்கே நின்றுவிடும். அதற்கப்பால் செம்மண்ணும் இருளும் நாங்களும். வடிகாலின் நீர்கூட அவ்விடம் வந்ததும் போக வழி தெரியாமல் ஒரு குட்டையாய்த் தேங்கிக் கிடக்கும். நகரம் எங்களுக்கு அனுப்பிவைத்தது அது ஒன்றே.

அவ்விடத்தில்தான் அந்தக் கல் நின்றது. என் இடுப்பளவு உயரம், வெளிறிய கருங்கல், முகப்பில் சில எழுத்துகளும் ஓர் எண்ணும் செதுக்கப்பட்டிருந்தன. நில அளவையர் நட்ட எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கத்தாரை 'உள்ளே இருக்கிறவங்க' என்போம். எங்களை நாங்களே 'வெளியே இருக்கிறவங்க' என்று சொல்லிக்கொண்டோம். கொளுத்தும் வெயிலில் கல்லின் இருபுறமும் கால்களை ஊன்றி நின்று, ஒரு காலால் நகரத்திலும் மறு காலால் வெளியிலும் இருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு. நகரத்துக் கால் மட்டும் சுடும். கருங்கற்சல்லி அத்துணை வெம்மையானது.

என் தந்தையார் நகராண்மைக் கழகத்தின் நீராவி உருளையை ஓட்டியவர். அவ்வகை உருளையைப் பார்க்காதவருக்கு அதை எப்படி விளக்குவேன்? வீட்டளவு கொதிகலன், பித்தளை வளையமிட்ட புகைபோக்கி, முன்னே ஒரு பேருருளை. அது வரும்போது ஒலிக்கு முன்பே நடுக்கம் வரும். அடுப்படியில் கவிழ்த்து வைத்த ஏனங்கள் ஒன்றோடொன்று மெல்லக் கிணுகிணுக்கும். அன்னையார், 'அப்பா வர்றாரு' என்பார். காய்ந்த எண்ணெயும் நனைந்த நிலக்கரியும் கலந்த அந்த மணத்தை இன்று எந்தக் கடையிலும் வாங்க இயலாது. சூலியா தெரு முதல் துறைமுகம்வரை நகரத்துச் சாலைகள் பலவற்றையும் அழுத்திச் சமன்செய்தவர் அவர். எங்கள் கிளைச்சாலைக்கும் வருவார். உருளையைக் கல்லுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவார். நீராவி ஒருமுறை பெருமூச்செறியும். பிறகு பின்னோக்கி ஓட்டிச் சென்றுவிடுவார். கல்லைத் தாண்டி ஒரு முழங்கூட உருட்டியதில்லை. சேற்றில் வண்டி புதைந்தபோது தெருவார் கெஞ்சியும் உருட்டியதில்லை.

உருளைக்கு நாளும் நீர் வேண்டும். கல்லுக்கு அந்தப் பக்கமுள்ள பொதுக்குழாயிலிருந்து, காலையில் வேலை தொடங்குமுன் தந்தையார் அதன் தொட்டியை நிரப்புவார். அதே குழாயில் எங்களுக்கு ஒரு குடம் நீர் கிடையாது. குழாயடியில் ஒரு காவலர் முக்காலியிட்டு அமர்ந்திருப்பார்; உள்ளே இருப்போர் முகமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரைக் குறைகூற மாட்டேன். அது அவருக்கு இடப்பட்ட பணி.

நான் சொல்லவந்த கோடையில் எங்கள் தெருக்கிணறு அடிச்சேறு கண்டது; ஆறும் ஒரு கீற்றாய் மெலிந்தது. அன்னையார் அப்போது கருவுற்றிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, ஆற்றுமேட்டில் நீர்க்குடத்தோடு வழுக்கி விழுந்து ஒரு குழந்தையை இழந்திருந்தார். இம்முறை குடம் தூக்கவே கூடாது என்று மருத்துவச்சி கண்டித்துச் சொல்லியிருந்தாள். தூக்காமல் என்ன செய்வது? நான் எட்டு வயதுச் சிறுமி. என்னால் அரைக்குடமே தூக்க முடியும். தந்தையார் விடியலில் சென்றால் இருட்டும்போது வருவார். ஒரு நாள் காலையில், கல்லின் அருகே நின்று உருளை நீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அன்னையார் வாய்திறந்தார்.

"உங்க ரோலரு குடிக்குது. நான் குடிச்சா மட்டும் முனிசிபலுக்குக் கொறஞ்சு போவுமா?"

"அது முனிசிபல் ரோலரு. நீ முனிசிபல் பொண்டாட்டி இல்லையே" என்றார் தந்தையார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்னையார் சிரிக்கவில்லை. தந்தையாரும் அன்று முழுவதும் பிறகு சிரித்ததாக நினைவில்லை.

அந்தக் கோடையில் எங்களைக் காத்தவர் பாலத்துக்கு அப்பால் கீரைத்தோட்டம் வைத்திருந்த சீன அம்மையார். அவரை அனைவரும் 'நோன்யா' என்றழைப்போம். அவர் தமிழ்ப்பெண்கள் எல்லாரையும் 'தங்கச்சி' என்றழைப்பார். தோட்டத்தின் நடுவில் அவருக்கென ஒரு குளம் இருந்தது. தோளில் மூங்கிற்கழி, அதன் இரு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம். நாள்தோறும் காலையில் அவர் எங்கள் வாயிலுக்கு வந்து ஒரு தகர நீரை ஊற்றிச் செல்வார். அன்னையார் கைகூப்பினால், 'தாப்பா, தாப்பா' என்று கையசைப்பார். மலாய் மொழியில் பரவாயில்லை என்று பொருள். நீரில் கீரைவேரின் மணம் இருக்கும். துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தோம். குளத்து நீரின் வட்டம் நாளுக்கு நாள் சுருங்கியதை நான் கண்டேன். அதைப் பற்றி எவரும் பேசவில்லை.

இனி, அந்தக் கல் தெய்வமான வரலாறு. எங்கள் தெருவில் பசுக்கள் வளர்த்துப் பால் விற்ற ஒரு கைம்பெண் இருந்தார். தந்தையாருக்குத் தமக்கை முறை, எனக்கு அத்தை. ஒருமுறை அவருடைய சினைப்பசு காணாமற் போயிற்று. மலையடிவாரம்வரை தேடி, அழுது ஓய்ந்து, விடியலில் அவர் திரும்பியபோது, அப்பசு எல்லைக்கல்லில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. காலடியில் ஈன்ற கன்று. அத்தை அன்றே கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டார். அடுத்த வாரம் சிவப்புத் துணி வந்தது. பிறகு எலுமிச்சை மாலை, சுருட்டு, பொங்கல். எல்லையில் நிற்பதால் எல்லைமுனி என்ற பெயரும் தானே அமைந்தது. செதுக்கிய எண், மஞ்சளில் மறைந்தது. அக்கல்லை மாட்டுவண்டியிலிருந்து இறக்கியவர்களில் தாமும் ஒருவர் என்று சொல்லித் தந்தையார் நகைப்பார்; ஆயினும் காலையில் உருளையைக் கிளப்புமுன் அதை நோக்கித் தலையசைக்கத் தவறமாட்டார்.

இந்நிலையில்தான் அச்செய்தி வந்தது. நகராண்மையின் எல்லை ஆற்றுப்பாலம்வரை நீள்கிறது, எங்கள் தெரு உள்ளே வருகிறது, குழாயும் வரும். தந்தையார் அதைச் சொன்னபோது அன்னையார் வயிற்றில் கைவைத்துக்கொண்டு, எப்போது என்று மட்டும் கேட்டார். கோடை முடிவதற்குள் என்றார் தந்தையார்.

எல்லையை அளக்க ஒரு நில அளவையர் வந்தார். யாழ்ப்பாணத்தவர், வெள்ளை உடை, தலைத்தொப்பி, அளவுச் சங்கிலி தூக்கும் ஆட்கள். முக்காலியின்மேல் அவர் நிறுத்திய பித்தளைக் கருவியைச் சுற்றிக் குழந்தைகள் கூடினோம். அவர் கடுமையானவர் அல்லர். என்னைத் தூக்கிப் பிடித்து அதன் கண்ணாடிக்குள் பார்க்கச் செய்தார். ஆற்றுப்பாலம் தலைகீழாய்த் தொங்கியது; வானம் கீழே கிடந்தது; நோன்யா தகரங்களோடு தலைகீழாய் நடந்து சென்றார். ஒரு துளி நீரும் சிந்தவில்லை. உலகத்தை இப்படியும் பார்க்கலாம் என்று அதற்குமுன் எவரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று இறங்க மறுத்து அழுதேன்.

மறுநாள் அவருடைய ஆட்கள் கடப்பாரையோடு கல்லை நெருங்கினர். அத்தை அதன்முன் அமர்ந்துவிட்டார். தெருவே திரண்டது. அளவையர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"அம்மா, நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ. இந்தக் கல்லு இங்க இருந்தால் நீங்கள் எல்லாரும் வெளியில. கல்லு பாலத்தடிக்குப் போனால் நீங்கள் உள்ளுக்கு. உங்கட நன்மைக்குத்தானே சொல்லுறன். எனக்கு வேற வழி தெரியேல்லை."

"ஐயா, நீங்க நட்டது கல்லு. இப்ப அங்க இருக்கிறது கல்லு இல்ல" என்றார் அத்தை.

அங்கே வேறொரு கல்லை நடுங்கள், இதை விட்டுவிடுங்கள் என்று சிலர் கேட்டனர். ஒரே எண்ணில் இரு கற்கள் நிற்கக்கூடாது என்றார் அளவையர். அப்படியானால் குழாயே வேண்டாம் என்று ஒருவர் கூவினார். அவருடைய மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கூட்டத்தின் பின்னால் போய்விட்டார். கல்லைத் தொட்டால் தெருவில் உயிர் போகும் என்று அத்தை சொன்னபோது பலருடைய கண்கள் என் அன்னையாரின் வயிற்றின்மேல் விழுந்தன. அளவையர் மேலிடத்துக்கு எழுதுவதாகவும், பணி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகலாம் என்றும் சொல்லிக் கருவியைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். தந்தையார் உருளையின் பக்கத்திலேயே நின்றார். ஒருபுறம் பிழைப்பு, மறுபுறம் தமக்கை.

அப்போது அன்னையார் இடுப்பில் கையூன்றி மெல்ல நடந்து அத்தையிடம் சென்றார். தரையில் அமர இயலாது, நின்றபடியே பேசினார்.

"அக்கா, எல்லைச் சாமிய யாராவது நடுத்தெருவுல உக்கார வெச்சுக் கும்பிடுவாங்களா? எல்லை பாலத்துக்குப் போவுதுன்னா அவருக்கு வேலை அங்கதானே. இவர இங்கயே புடிச்சு வெச்சிட்டா பாலத்துல யாரு காவல் நிக்கிறது?"

அத்தை கல்லின் தலையிலிருந்த வாடிய பூவை எடுத்தெறிந்தார். பிறகு அளவையரை நிமிர்ந்து பார்த்து, தோண்டி எடுப்பது என்ற பேச்சே கூடாது, எழுந்தருளச் செய்வது என்றால் சம்மதம் என்றும், நாளும் வழியும் தாமே குறிப்பதாகவும் கூறினார். மாட்டுவண்டியில் ஏற்றக்கூடாது; மாடுகள் தம் பிள்ளைகள், தெய்வத்தை இழுக்கும் வேலை அவற்றுக்கு வேண்டாம். அப்படியானால் எதில் ஏற்றுவது என்று அளவையர் கேட்டார். அத்தை தந்தையாரின் பக்கம் விரலை நீட்டினார்.

நண்பர்களே, அந்த நாளைப் போன்ற ஒரு நாளை நான் பின்னர்க் கண்டதில்லை. புதிதாய்ச் சேர்ந்த பகுதியின் சாலையை அழுத்துமாறு தந்தையாருக்கு ஆணை வந்திருந்தது; ஆகவே உருளை எல்லையைத் தாண்டுவதில் குற்றமில்லை. அதன் பின்னே ஒரு தட்டுவண்டியைப் பிணைத்து மாவிலை கட்டினர். ஆட்கள் கல்லைச் சுற்றித் தோண்டினர். நாங்கள் கண்டிருந்த கல் மேற்பகுதி மட்டுமே. மண்ணுக்குள் அதைவிடப் பெரிதாய், செதுக்கப்படாமல், கரடுமுரடாய் ஓர் உடல் இருந்தது. அது வெளிவந்தபோது எழுந்த ஈரமண்ணின் மணமும், அத்தனை பேரும் ஒருங்கே மூச்சை உள்ளிழுத்த ஒலியும் இன்னும் என்னிடம் உள்ளன. அத்தை பால் ஊற்றிக் கழுவினார். மஞ்சள் கரைந்து, எண் மறுபடி வெளிப்பட்டது. அளவையர் குனிந்து அதைச் சரிபார்த்தார். அடுத்து அத்தை அதன்மேலேயே குங்குமம் இட்டார்.

உறுமி முழங்கியது. உருளை பெருமூச்சு விட்டது. தந்தையார் தலைப்பாகை கட்டி, நெற்றி நிறையத் திருநீற்றோடு அமர்ந்திருந்தார். பேருருளை, கல் நின்ற இடத்தைத் தொட்டது, தாண்டியது. நிலம் எங்கள் வீட்டுப் பக்கமும் நடுங்கியது. இதுகாறும் தொலைவில் கேட்ட நடுக்கம் இப்போது என் காலடியில். ஆமை நடை, நாங்கள் பாடிக்கொண்டே நடந்தோம். அளவையர் ஓரமாய் வந்தார். சற்று நேரம் கழித்துப் பார்த்தேன். காலணிகள் அவர் கையில் இருந்தன. பாலத்தடியில் நோன்யா தம் குடும்பத்தோடு நின்றார். கல் நடப்பட்டதும், எவரும் சொல்லாமலே, ஊதுவத்திகளைக் கொளுத்தி அதன் காலடியில் குத்தினார்.

பின்னாளில் நூல்கள் பல படித்து ஓர் உண்மை அறிந்தேன். நகராண்மையின் எல்லை, அரசிதழில் வெளியாகும் அறிவிப்பால் நகர்கிறது, கல்லால் அன்று. கல் பழைய இடத்திலேயே கிடந்திருந்தாலும் எங்கள் தெரு உள்ளே வந்துதான் இருக்கும். அளவையர் இதை அறியாமலா இருந்தார் என்று பல ஆண்டுகள் எண்ணினேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. அவரும் கல்லை நம்பியவரே. கல்லை நட்டு எண்ணிட்டு அதற்கு அப்பாலும் இப்பாலும் என்று வாழ்வைப் பிரித்தோருக்கும், அதற்கு மஞ்சள் பூசிக் காவல் கேட்டோருக்கும் இடையே அன்று நாங்கள் எண்ணிய தொலைவு இல்லை. இறந்த வீரர்க்குக் கல் நட்டு வழிபட்ட இனத்தில் பிறந்தவர்கள் நாம். கற்றவர் என்று அவரையும் பேதை என்று அத்தையையும் மதிப்பிட்ட தெருவார் இருவரையுமே சரியாக அளக்கவில்லை.

குழாய் வந்தது. பள்ளம் தோண்டுவோர் வந்தனர். கரிய இரும்புக் குழாய்கள் வரிசையாய்க் கிடந்தன. ஒன்றின் வாயில் நான் என் பெயரைச் சொல்ல, மறுவாயில் அது வேறொருத்தியின் குரலில் வெளிவந்தது. தண்ணீர்மலை அருவியின் நீர் இது என்றார் தந்தையார். யார் தள்ளுகிறார்கள் என்று கேட்டேன். எவரும் தள்ளவில்லை, மலை உயரம், நாம் தாழ்வு, அவ்வளவுதான் என்றார். அந்த விடை எனக்கு எல்லைமுனியின் ஆற்றலைவிடப் பெரிதாய்த் தோன்றிற்று. நீர் திறக்கப்பட்ட அடுத்த திங்களில் பிறந்த என் தம்பியின் முதல் குளியலே அந்நீரில்தான்.

பாலத்தருகே பொதுக்குழாய் நிறுவப்பட்டு, நீர் திறக்கப்பட்ட காலையைச் சொல்லி முடிக்கிறேன். அன்றும் வானம் வறண்டே கிடந்தது. தெருவார் அனைவரும் வரிசையில் நின்றோம். அன்னையாரை முதலில் நிறுத்தியிருந்தனர். காவலரின் முக்காலியும் வந்துவிட்டது. குழாய் முதலில் இருமியது. காற்றைச் சீறியது. பிறகு செந்நிறமாய்த் துருநீர் கொட்டியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம், ஒரு திரை விலகினாற்போல், தெளிந்தது. கண்ணாடிக் கயிறு போன்ற நீர். பெண்கள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தனர். சிலர் அழுதனர். அன்னையார் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

கண்களைத் திறந்தபோது அவர் பார்த்தது நோன்யாவை. எல்லைக்கல்லுக்கு அப்பால், பாலத்தின் அந்த முனையில், வெறுந்தகரங்களைத் தாங்கிய கழியோடு நோன்யா நின்றிருந்தார். அவருடைய குளம் சேறாகிச் சில நாள்கள் ஆகியிருந்தன. அந்த நீரெல்லாம் எங்கே போயிற்று என்பது எங்களுக்குத் தெரியாததன்று. கல்லைப் பார்த்தார்; காவலரைப் பார்த்தார்; அதற்குமேல் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை.

"மாரி, நோன்யா, மாரி" என்று அன்னையார் கையசைத்து, 'வாருங்கள்' என மலாயில் அழைத்தார்.

காவலர் முக்காலியிலிருந்து எழுந்தார். அது வெளி ஆள், கொடுத்தால் தம் வேலை போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பொய்யன்று, போகத்தான் போயிருக்கும்.

அன்னையார் அவரிடம் சினங்கொள்ளவில்லை. "அண்ணே, இது எனக்கு மொறயா வர்ற தண்ணி. நான் புடிக்கிறேன். எதுல புடிக்கிறேன்னு நீங்க ஏன் பாக்குறீங்க? டிராமு வருது பாருங்க, அதப் பாருங்க."

அந்நேரம் டிராம் எதுவும் வரவில்லை. காவலர் பெருஞ்சாலைப் பக்கம் திரும்பி, வராத டிராமை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நோன்யா கல்லைக் கடந்து வந்தார். அன்னையார் தம் குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, மண்ணெண்ணெய்த் தகரத்தைக் குழாயின்கீழ் வைத்தார். வெறுந்தகரத்தில் விழுந்த நீர் முதலில் உரக்க ஒலித்தது. நிறைய நிறைய அவ்வொலி தாழ்ந்து, இறுதியில் கேட்காமலே போயிற்று. நிறைந்ததை நோன்யா எடுத்துக்கொள்ள, இரண்டாவது தகரத்தையும் அன்னையார் நகர்த்தி வைத்தார். வரிசையில் நின்ற ஒருவரும் காலத்தாழ்வு என்று முணுமுணுக்கவில்லை.